வெளியூர்க்காரருக்கு ஓர் இலை

1

இந்தக் கதை ஒரு கடிதமாகத் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற மாதம் ஒரு வாரப் பத்திரிகையில் எங்கள் திருவண்ணாமலையைப் பற்றி இரண்டு பக்கம் வந்திருந்தது. செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி, சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறார்களாம். முன்பக்கம் காய்கறியும் தானியமும் விற்பனை. பின்பக்கம் சமையல். எல்லாம் சொந்தத் தோட்டத்தில் விளைந்தவை. 'இப்படி ஒரு கடை இந்த ஊருக்கு இதுவே முதல்' என்று எழுதியிருந்தார்கள்.

அது தவறு. அச்சில் தவறைக் கண்டால் திருத்தி எழுதுவது என் பழக்கம். உடனே காகிதம் எடுத்தேன்.

'மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, தங்கள் கட்டுரையில் ஒரு பிழை உள்ளது. இதே சாலையில் 1979 முதல் 1986 வரை இதே போன்ற கடை ஒன்று நடந்தது. அதை நடத்தியவர் என்'

இங்கே நின்றுவிட்டேன். இரண்டு நாள் அந்த வரிக்கு அப்பால் போகவில்லை. கடிதத்துக்குக் கையெழுத்தும் முகவரியும் வேண்டும். கதைக்கு அதெல்லாம் தேவையில்லை. அதனால்தான் கதை.

2

முதல் தொடக்கம் இப்படி:

'முருகையன் என்றொரு பெரியவர் கீழ்பென்னாத்தூர் அருகே ஒரு கிராமத்தில் வாழ்ந்தார். செங்கம் சாலைக் கடைக்காரப் பெண்மணி அவருக்குத் தூரத்து உறவு.'

அடித்தேன். தூரத்து உறவு என்றால் கதையே இல்லை.

இரண்டாம் தொடக்கம்:

'முருகையனுக்கும் அந்தப் பெண்மணிக்கும் எந்த'

இதையும் அடித்தேன். முருகையனை எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு மீசை வைத்தேன், கைத்தடி கொடுத்தேன், பேரப்பிள்ளைகள் கொடுத்தேன். எதையும் அவர் ஏற்கவில்லை. இலை முன்னால் உட்கார வைத்தால் சோற்றில் கை வைக்காமல் என்னையே பார்க்கிறார். பொய்யான ஆளைச் சாப்பிட வைப்பது கஷ்டம் என்று இந்த எழுபத்து மூன்றாம் வயதில் தெரிந்துகொண்டேன்.

எனவே முருகையனை நீக்குகிறேன். என் பெயர் அப்பாதுரை. கடையை நடத்தியவள் பெயர் ஆதிலட்சுமி. என் உடன்பிறந்த தங்கை.

[இந்த வரியை எழுதிய பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.]

3

எங்கள் அப்பா மணியக்காரர். அவருக்கு முன்னால் அவர் அப்பா. 1980இல் அரசாங்கம் அந்த வேலையையே எடுத்துவிட்டது. பெயர் மட்டும் மிச்சம். வெறும் பெயராக மிஞ்சியதாலேயே அதைக் கூடுதலாகக் காக்க வேண்டியிருந்தது. இது வாசகருக்கு விளங்கும் என்று நம்புகிறேன். விளங்காவிட்டாலும் நான் மாற்றி எழுதப்போவதில்லை.

ஆதிலட்சுமி போளூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டாள். 1974இல் மஞ்சள் காமாலையில் புருஷன் போனான். குழந்தை இல்லை. முப்பத்தொரு வயதில் திரும்பி வந்து, எங்கள் நிலத்து ஆட்களுக்கு ஆக்கிப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை பட்ட கத்தரிக்காய்க் குழம்புக்காகவே கூலியாட்கள் எங்கள் வயலுக்கு முதலில் வருவார்கள்.

பிறகு வேன் ஏற்றி ஆசிரமப் பக்கம் காய் அனுப்பினாள். அங்கே அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்கள் வாங்கினார்கள். அதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் வந்து நின்றாள்.

"அண்ணா, அவங்களுக்குக் காய வாங்கத் தெரியுது, ஆக்கத் தெரியல. ஒரு கொட்டாய் போட்டு நானே ஆக்கிக் குடுக்கலாம்னு இருக்கேன்."

"ஆக்கிக் குடுத்து?"

"விக்கத்தான்."

"நம்ம வூட்ல நெல்லு விப்பாங்க, கடலை விப்பாங்க. சோறு யாரும் வித்தது இல்ல."

"பசிக்கிறவங்களுக்கு நெல்லக் குடுத்தா மெல்லுவாங்களாண்ணா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் சிரிக்கவில்லை. எங்கள் நிலத்தில் விளைந்த ஒரு பிஞ்சுகூட அந்த அடுப்புக்குப் போகக்கூடாது என்றேன். வீட்டிலிருந்து யாரும் அந்த வாசலை மிதிக்கக்கூடாது என்றேன். அவள் ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினாள்.

(இந்த இடத்தில் கதைக்காரர்கள் மழை பெய்ய வைப்பார்கள். அன்று நல்ல வெயில்.)

4

வேங்கிக்கால் ஏரிப் பக்கம் அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்துத் தோட்டம் போட்டாள். செங்கம் சாலையில் கடை. கடையைப் பற்றி ஊரில் வந்து சொன்னவர்களுக்குக் குறைவில்லை. முன்பக்கம் பலகை போட்டு, கூடை கூடையாக அவரை, கத்தரி, புடலை, முளைக்கீரை. மூட்டையில் சாமை, கேழ்வரகு, தோலோடு வேர்க்கடலை. தகர டப்பாவில் செக்கு எண்ணெய். வந்தவர்கள் கூடையில் கை வைத்து 'இது' என்று காட்ட வேண்டும். அதை அவர்கள் கண் முன்னால் அரிந்து ஆக்கிப் போடுவாள். மிஞ்சியதை வாங்கிக்கொண்டு போகலாம். வாசலில் ஒரு சிலேட்டு: 'இன்று கத்தரி. காலையில் பறித்தது.'

கேழ்வரகுக் களியை வெள்ளைக்காரர்கள் படம் பிடித்தார்கள். எங்கள் வீட்டில் கூலியாட்களுக்குப் போட்ட களி. சென்னையிலிருந்து கார்கள் வந்தன. களி தின்பது நாகரிகமாகிவிட்டது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். 1983 தை மாதம் ஒருவன் வந்து, கடைக்குப் போர்டு மாட்டியிருக்கிறாள் என்றான். 'மணியக்காரர் வீட்டுச் சாப்பாடு.'

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன்.

5

இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதியிருக்கிறேன். ஒன்றில் நான் போர்டைப் பிடுங்கி எறிகிறேன். இன்னொன்றில் தங்கை என் காலில் விழுகிறாள். இரண்டும் சினிமா. நடந்ததை எழுதுகிறேன்.

கடை நிறைந்திருந்தது. ஆதிலட்சுமி உள்ளே அடுப்படியில். கூடைகளுக்கு நடுவே திரௌபதி என்ற பெண் உட்கார்ந்து, வருகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த அவரைய கிள்ளாதீங்க சாமி, அதுக்கு நோவும். வேணும்னா வேணும்னு சொல்லுங்க." என்னைப் பார்த்து, "பெரியவரே, காய் காட்டுங்க. காட்டினாத்தான் சோறு."

பேச வந்த நான், பேச ஆளில்லாமல், எதையோ காட்டினேன். கத்தரிக்காய். உட்கார வைத்து இலை போட்டுவிட்டாள். எழுந்து போயிருக்கலாம். நாலு வருஷம் ஆகியிருந்தது அந்தக் குழம்பின் மணத்தை முகர்ந்து.

பக்கத்து இலையில் ஒரு சென்னைக்காரர், மனைவியோடு. கையைக் கழுவும் முன்பே பேச்சு.

"சார் இந்தப் பக்கமா? இந்த அம்மா நெஜமாவே மணியக்காரர் வீடா, இல்ல சும்மா வியாபாரத்துக்குப் போட்டுக்கிட்டதா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் வெளியூரு. பசிச்சுது, வந்தேன்."

நிமிர்ந்தேன். ரசச் சட்டியோடு ஆதிலட்சுமி எனக்கு நேரே நின்றிருந்தாள். தலை கொஞ்சம் நரைத்திருந்தது.

[இங்கே அவள் கண்ணில் நீர் வந்ததாக எழுதியிருந்தேன். வரவில்லை. நீக்கிவிட்டேன்.]

என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். பிறகு எல்லோரிடமும் பேசும் அதே குரலில் கேட்டாள்:

"வெளியூர்க்காரருக்கு ரசம் ஊத்தட்டுங்களா?"

"ஊத்துங்க" என்றேன். பிறந்ததிலிருந்து 'ஊத்து' என்றே சொல்லிய வாய் அது.

6

இனி எழுதுவதை எங்கள் வகையறாவில் யாருக்கும் நான் சொன்னதில்லை.

அடுத்த மாதம் மோட்டாருக்குச் சாமான் வாங்க டவுனுக்குப் போனேன். கால் செங்கம் சாலைக்குத் திரும்பியது. போர்டை எடுத்துவிட்டிருந்தாள். அந்த இடத்தில் புதிதாக 'சாப்பாடு, காய்கறி' என்று மட்டும். யாருடைய வீடும் இல்லை. உள்ளே போய்ப் புடலங்காயைக் காட்டினேன்.

அதன்பின் மாதா மாதம் போனேன். மூன்று வருஷம். வெளியூர்க்காரருக்கு மானம் போக வழியில்லை அல்லவா? அவர் எங்கு வேண்டுமானாலும் சாப்பிடலாம். நான் சொன்ன ஒரு பொய் எனக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டது. அவள் அந்தப் பொய்யைக் கலைக்கவே இல்லை. ஒரு தடவைகூட 'அண்ணா' என்று வாய் தவறவில்லை.

"வெளியூர்க்காரரு இளைச்சுட்டாரு. அவங்க வூட்ல ஒழுங்கா ஆக்கிப் போடறது இல்ல போல" என்று திரௌபதியிடம் சொல்வாள், எனக்குக் கேட்கும்படி.

"எங்க வூட்ல உப்பு ஜாஸ்திங்க" என்பேன்.

"கம்மியா போடச் சொல்றது."

"சொன்னா கேக்கற ஆளு இப்ப அங்க இல்ல."

அவள் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள். இந்த நாலு வரிகளைவிட நெருக்கமாக நாங்கள் ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை.

(எழுத்தறிந்த நண்பர் ஒருவர் இதுவரை படித்துவிட்டு, 'இந்த மனிதர் ஏன் ஒரு நாள் எழுந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை? நம்பும்படியாக இல்லையே' என்றார். எனக்கும் நம்பும்படியாக இல்லை. ஆனால் அப்படித்தான்.)

7

1986 மாசி. வேங்கிக்கால் தோட்டத்தில் காய் பறித்துக்கொண்டிருந்தவள் வரப்பில் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் வேங்கிக்கால் பால்காரர் கண்ணாயிரம் எங்கள் கிராமத்துக்கு வந்து வாசலில் நின்று சொல்லிவிட்டு, போளூருக்கும் சொல்ல வேண்டும் என்று அப்படியே போய்விட்டார்.

பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போக வேண்டும். உடன்பிறந்தவன் தன் கையால் போர்த்த வேண்டும். அது விழாமல் உடலை எடுக்க மாட்டார்கள். கீழ்பென்னாத்தூர் ஜவுளிக் கடையில், புருஷன் இல்லாதவளுக்கு என்று வெள்ளையைக் காட்டினார்கள். நான் பச்சை நூல்சேலையைக் கேட்டு வாங்கி, காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கூடைகளை அகற்றிவிட்டு, அந்தப் பலகைகள் மேலேயே அவளைக் கிடத்தியிருந்தார்கள். இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், ஆட்டோக்காரர்கள், சாப்பிட வருகிற பத்துப் பதினைந்து பேர். திரௌபதி என்னைக் கண்டதும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"வெளியூர்க்காரரே, நீங்களும் வந்துட்டீங்களா! பார்த்தீங்களா உங்க கடைக்காரம்மாவ."

நான் நின்றேன்.

"அவங்களுக்கு ஒரு அண்ணன் இருக்காராம். பெரிய கோவக்காரராம். 'எங்க அண்ணன் கோடி போடாம என்ன எடுத்துடாதடி திரௌபதி'னு வருஷத்துக்கு நாலு தடவ சொல்லும். ஆளு போயிருக்குது. அவருக்காகத்தான் வெச்சிருக்கோம்." என் கக்கத்தைப் பார்த்தாள். "அது இன்னாங்க, சேலையா?"

"ஆமா."

"சாப்பிட்ட விசுவாசத்துக்கு எடுத்தாந்தீங்களா? நல்ல மனசு. ஆனா இப்ப போத்தக் கூடாதுங்க. பொறந்த வூட்டுக் கோடிதான் முதல்ல விழணும். அதுக்கப்புறம்தான் மத்தவங்களுது. அப்படி ஓரமா வைங்க."

8

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் நான் சொல்கிறேன்: 'நான்தாம்மா அந்த அண்ணன்.' கூட்டம் திரும்புகிறது. திரௌபதி என்னை மேலும் கீழும் பார்க்கிறாள். 'அப்ப மூணு வருஷமா இங்க குந்தித் தின்னது யாரு?' என்கிறாள். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று எழுத வரவில்லை. நாலு நாள் முயன்றேன். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிற ஒருவனால்தான் முதல் வரியைச் சொல்லியிருக்க முடியும்.

[திரௌபதிக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று ஒரு பிரதியில் எழுதிப் பார்த்தேன். அது எனக்குச் சௌகரியம். அதனால் நீக்கினேன்.]

இரண்டாவது முடிவு நடந்தது. சேலையை ஓரமாக வைத்தேன். சாப்பிட வருகிறவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். அண்ணன் வருவாரென்று எல்லோரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வரும்போதெல்லாம் திரௌபதி எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுலயும் இல்ல" என்று வந்து உட்காருவாள். ஒரு தடவை என்னிடம் கேட்டாள்: "நீங்க கீழ்பென்னாத்தூர்ப் பக்கம்தான? அவர உங்களுக்குத் தெரியுமா? வருவாரா?"

"தெரியும்" என்றேன். "வருவாரு."

வெயில் உச்சிக்கு வந்தது. இனி வைத்திருக்க முடியாது என்று யாரோ சொன்னார்கள். "இன்னும் ஒரு பஸ்" என்றாள் திரௌபதி.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவர்கள் அவளை எடுத்துவிடுவார்கள். நான் நிறுத்திய இடத்தில் அவள் இன்னும் பலகைமேல்தான் இருக்கிறாள், திரௌபதி சாலையைத்தான் பார்க்கிறாள், பஸ் வரும் சத்தம் கேட்கிறது. வாசகரே, நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். அந்தப் பஸ்ஸிலிருந்து யாரையாவது நீங்கள் இறக்கிவிடுங்கள்.