டூட்டி டாக்டர்கள் மிதந்த வருடங்கள்

சேந்தமங்கலம் சாலையில் இருக்கும் தேவிப்ரியா டாக்டரம்மாவின் பிரசவ ஆஸ்பத்திரியில், இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தூங்காத ஜூனியர் டாக்டர்கள் தரையை விட்டு மேலே கிளம்பிவிடுவார்கள். கண்ணயர்ந்தால் எடை திரும்பிவந்து கீழே இறங்குவார்கள். முதலில் கிளம்பியவள் அபிநயா. வார்டில் ரவுண்ட்ஸ் போய்க்கொண்டிருந்தவள் மின்விசிறி உயரத்துக்கு எழும்பி, அங்கிருந்தபடியே ஜன்னலோரப் படுக்கைக்காரிக்கு மாத்திரை சொன்னாள். விசிறியை நிறுத்து என்று ஒருத்தி சத்தம் போட்டாள். புழுங்கிச் சாகவா என்று இன்னொருத்தி எகிறினாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எல்லோரும் பேசிக்கொண்டது அந்தச் சண்டையைப் பற்றித்தான்.

டாக்டரம்மாவின் அப்பாவுக்கு நாமக்கல்லில் லாரி ஆபீஸ். லோடு ஆடினால் கயிறு போட்டு இறுக்க வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடம் போகும் முன்பே கற்றவர் டாக்டரம்மா. ஆகவே லாரிக் கயிற்றை வரவழைத்து, ஜூனியர்களின் இடுப்பைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினார். டூட்டியைக் குறைக்கலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. தான் படித்த காலத்தில் நின்றுகொண்டே தூங்கியதை விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையடிப்பவருக்கு எப்படித் தோன்றும்? கோளாறு ஆள் எடுப்பதில்தான் என்று முடிவுகட்டி, மறுவருட நேர்முகத் தேர்வை லாரி எடைமேடையில் வைத்தார். மதிப்பெண்ணை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ராசிபுரம் நெய்யில் வளர்ந்த சித்தார்த் மேடையில் ஏறி நின்றதும் டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். அங்கேயே வேலை கொடுத்தார். சித்திரை பிறப்பதற்குள் அந்தச் சித்தார்த் அபிநயாவையும் தாண்டிப் போய் மேற்கூரையில் முட்டிக்கொண்டு நின்றான். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் துறட்டிக்கோலில் தூக்குப்போசியை மாட்டி மேலே சோறு அனுப்பப் பழகினார்கள். ஜூனியர்களும் சும்மா இருக்கவில்லை, போகிற போக்கில் ஒட்டடை அடித்துக் கொடுத்தார்கள்.

பள்ளிபாளையத்து ராசாத்திக்கு வலி கண்ட காலையில்தான் விஷயம் விபரீதமானது. முன்பு இரண்டு பிள்ளைகளைப் பெற்ற அன்றே பறிகொடுத்தவள் அவள். இந்த முறை மாதாமாதம் வயிற்றைத் தொட்டுப் பார்த்துத் தைரியம் சொல்லிவந்தது அபிநயாதான். பிள்ளையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று தெரிந்ததும், சிக்னல் கிடைக்கும் பால்கனிக்குக் கட்டில்களைப் பற்றிப் பற்றிப் போய், ரத்த வங்கிக்குப் போன் செய்தாள். போகிற அவசரத்தில் கயிற்றை அவிழ்த்திருந்தாள். மூன்று நாள் தூங்காத உடம்பு. பேசி முடிப்பதற்குள் கைப்பிடிச் சுவரைத் தாண்டி, வேப்பமரத்துக்கு மேலே போய்விட்டாள்.

"அய்யோ சாமி, சின்ன டாக்டரம்மா போறாங்களே! என்ற மருமகளை யாருங்க பாப்பாங்க?" என்று வாசலில் நின்ற மாமியார் சின்னாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

சித்தார்த் உள்ளே மேற்கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தான். தேவிப்ரியா வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார். "இறங்கு அபிநயா!"

"தூங்குனாத்தானுங்க மேடம் இறங்க முடியும். நீங்க போயி ராசாத்தியப் பாருங்க!"

டாக்டரம்மா பிரசவம் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. ஆள் எடுப்பதும் அதட்டுவதும்தான் அவர் வேலையாகிப் போயிருந்தது. மறுபடி பிள்ளையை ஏந்தப் பயந்துவிட்டார். அந்தச் சின்னப் பெண்ணை இந்தப் பயத்துக்காகத்தான் இத்தனை நாள் தூங்கவிடாமல் வைத்திருந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது.

"நீ தூங்கு கண்ணு, நான் பாத்துக்கறேன்," என்று கத்தினார்.

உடனே சாலையில் லாரிகள் இன்ஜினை நிறுத்தின. முட்டை வேன்காரர் பாட்டை அணைத்தார். டிரைவர்கள் தார்ப்பாயை விரித்து ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்தபடி இப்படியும் அப்படியும் நகர்ந்தார்கள். அபிநயாவின் குறட்டை கேட்கத் தொடங்கியது. ஒவ்வொரு குறட்டைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தாள். அவள் தார்ப்பாயில் படுத்த நேரத்தில் உள்ளே ராசாத்தி, "அபிநயா டாக்டர் எங்கீங்க?" என்று கேட்டாள்.

"தூங்குறா. நான்தான் வந்திருக்கேன்."

"தூங்கட்டுங்க, பாவம். எம் புள்ளைய மட்டும் விட்டுராதீங்க."

விடவில்லை. பிறந்ததும் வாயே திறக்காத பெண் குழந்தையைத் தேவிப்ரியா துடைத்து, முதுகைத் தேய்த்து, மூச்சு ஊதி, "அழு சாமி, அழு" என்று கெஞ்சினார். அது அழுதது. டாக்டரம்மாவும் அழுதார். சாலையில் அத்தனை லாரிகளும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. அப்படியும் அபிநயா புரண்டுகூடப் படுக்கவில்லை.

அன்றிலிருந்து டூட்டியில் டாக்டரம்மாவுக்கும் முறை உண்டு. ஜூனியர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வருகிறார்கள். நேர்முகத் தேர்வில் ஒரே கேள்விதான்: தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள்? சமாளித்துக்கொள்வேன் என்பவர்களைக் காபி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். போன ஆவணியில் ஆத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பெண் ஒருத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது பெஞ்சில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம், இவளையே எடுத்துக்கொள்ளலாம் என்றார் தேவிப்ரியா. முந்தைய இரண்டு நாளும் அவர் முறை என்பதால் நாற்காலிக்கு ஒரு முழம் மேலே இருந்தார். வேலை உத்தரவை அந்தப் பெண்ணின் மடியில் வைக்க வசதியாக, சித்தார்த் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்துக் கொடுத்தான்.