கடைசியில் வருபவர் கேட்டைச் சாத்தவும்

அன்று நான் சைக்கிள் ஓட்டிய வேகத்தைப் பற்றி எனக்கு இருந்த கர்வத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட இது பரவாயில்லை.

எங்கள் ஊர் கில்வாராவிலிருந்து கடற்கரைவரை இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு ஒரு ரயில் பாதை இருந்தது. தண்டவாளத்தைப் பிடுங்கி ஐம்பது வருஷம் ஆகிறது. இப்போது அதில் சுண்ணாம்புக்கல் பொடியைக் கொட்டி இறுக்கி, சைக்கிள் பாதையாக்கிவிட்டார்கள். அதைப் பராமரிக்கவும் வருகிறவர்களை அழைத்துப்போய்க் காட்டவும் கவுன்சில் ஓர் ஆளை எடுக்கப்போகிறது என்று தெரிந்த அன்றே விண்ணப்பம் போட்டேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வாங்கிய பட்டத்தை வைத்துக்கொண்டு டப்ளினில் பதினான்கு மாதம், காதில் ஹெட்போனை மாட்டி, இன்டர்நெட் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் போன்ற வாய்க்காரியை மன்னிப்புக் கேட்கும் வேலையில் வைத்தவனுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். கவுன்சில் வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடி அதே ஹெட்போன்.

கடற்கரை ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் என் அம்மா மஜெல்லாவோ, நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததுமே எனக்கு வேலை கிடைத்துவிட்டதாக சலவை அறை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

தேர்வின் கடைசிக் கட்டம் ஒரு சனிக்கிழமை. ஊரில் ஓய்வுபெற்றவர்கள் ஆறு பேர் சேர்ந்து நடத்தும் சைக்கிள் குழுவை நான் கடற்கரைவரை அழைத்துப்போக வேண்டும். கவுன்சிலிலிருந்து ஃபின்டன் என்பவர் ஒரு தாளோடு கூடவே வந்து மதிப்பெண் போடுவார்.

கிளம்பும்போதே குழுவிலிருந்த ஃபிலோ என்ற பெண்மணி என்னைக் கூப்பிட்டார். எழுபத்தாறு வயது. இடுப்பு மூட்டை இரண்டு பக்கமும் ஆபரேஷனில் மாற்றியவர்.

"இங்க பாரு டெர்வ்லா, எங்க குழுவுல யாரு ரொம்ப மெதுவோ அவங்கதான் முன்னால போவாங்க. கூட்டிட்டுப் போறவ கடைசியில வருவா. நான் முன்னால, நீ பின்னால. புரிஞ்சுதா?"

"சரிங்க."

"வாய் சரிங்குது, மூஞ்சி சரின்னு சொல்லலையே," என்றார் மோஸி. காளைக்கன்றுகள் வளர்க்கிறவர், கல்யாணம் ஆகாதவர், குழுவில் எலெக்ட்ரிக் சைக்கிள் வைத்திருக்கும் ஒரே ஆள். பாதை அவருடைய மேய்ச்சல் நிலத்தின் நடுவே போகிறது. நிலத்தின் இரண்டு முனையிலும் பாதைக்குக் குறுக்கே கேட் இருக்கும், அது எப்போதும் சாத்தியே இருக்க வேண்டும், ஒரு தடவை மாடு வெளியே வந்தாலும் அனுமதி ரத்து. இதுதான் அவர் கவுன்சிலோடு போட்ட ஒப்பந்தம். கேட்டில் பலகையும் எழுதி மாட்டியிருந்தார்: கடைசியில் வருபவர் கேட்டைச் சாத்தவும்.

முதல் இரண்டு கிலோமீட்டர் ஃபிலோவின் வேகத்தில் போனோம். ஒரு நாய் நடந்தே எங்களை முந்தியது. எனக்கோ உள்ளே கொதித்தது. பதினான்கு பக்கக் குறிப்பு எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டியிருந்தேன். இந்த ரயிலை யார் காசில் போட்டார்கள், யார் நிலத்தை யார் பிடுங்கினார்கள், ஊரைக் காலி செய்து எத்தனை குடும்பங்கள் இதில் ஏறிக் கப்பலுக்குப் போயின, எல்லாம் இருந்தது. கடைசி ஆளாக ஏழு முதுகுகளைப் பார்த்துக்கொண்டு இதையெல்லாம் யாரிடம் சொல்வது? வாலாக வருவதற்கா படித்தேன்?

"பாலத்தைப் பத்திச் சொல்லணும், கொஞ்சம் முன்னால போறேன்," என்று எல்லோரையும் முந்தினேன். ஃபிலோ ஏதோ சொன்னார். காதில் விழுந்தது, கேட்கவில்லை.

அதற்கப்புறம் சைக்கிள் பறந்தது. மோஸியின் முதல் கேட்டைத் தாண்டிச் சாத்தாமல் விட்டேன். பின்னால் ஏழு பேர் வருகிறார்களே. நிலத்தின் மறுமுனையிலும் அப்படியே, கீழே இறங்கி கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டு, மரியாதை தெரிந்தவள் மாதிரி "வாங்க வாங்க" என்று தோளுக்குப் பின்னால் சொல்லிவிட்டு ஏறி மிதித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாதையில் ஓர் ஆட்டுக்குட்டிகூட இல்லை என்பது தெரிந்திருக்கும். பதினோரு மணிக்கு, முதல் கேட்டுக்கு முன்னாலேயே இருக்கும் பழைய ரயில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பிளாஸ்கில் கொண்டுவந்த டீயைக் குடிப்பது அவர்களின் நெடுநாள் வழக்கம். ஃபிலோ சொன்னதும் அதைத்தான்.

சிறிது நேரத்தில் பின்னால் சக்கரச் சத்தம் கேட்டது. வந்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தேன். குடைந்து வெட்டிய பாறைக்கு நடுவே என் குரல் நன்றாக எதிரொலித்தது. நிலப்பிரபுக்களைத் திட்டினேன். ரயில் கம்பெனியைத் திட்டினேன். பஞ்சத்தைப் பற்றிச் சொல்லும்போது ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டினேன். கால்கள் களைக்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பா இது என்று எனக்கே ஆச்சரியம். ஆறு கிலோமீட்டர் போன பிறகு, "இதுலேர்ந்து நமக்கு என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

மஞ்சள் மழைக்கோட்டு போட்ட இரண்டு பேர். பின்சக்கரத்தின் இருபுறமும் பைகள். எனக்கு அவர்களைத் தெரியாது.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் அந்தப் பெண். "மேல சொல்லுங்க. இது பாதையோட சேர்ந்த ஏற்பாடுதானே?"

ஜெர்மனியிலிருந்து வந்த ஹைக்கே, டெட்லெஃப் தம்பதி. என் ஆட்களைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பிளாட்பாரத்தில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்றார் டெட்லெஃப். நான் வண்டியைத் திருப்பினேன். வழி தவறிய பெண்ணைத் தனியாக விடக்கூடாதென்று அவர்களும் திருப்பினார்கள்.

அப்போதுதான் என் கால்களின் மகிமை வெளிப்பட்டது. ரயில் பாதையில் சரிவு கண்ணுக்குத் தெரியாது. என்ஜின் மூச்சு வாங்கக்கூடாது என்று அப்படிப் போட்டிருக்கிறார்கள். நான் பறந்தது முழுக்க இறக்கம், போதாததற்குக் காற்று வேறு முதுகில் தள்ளியிருக்கிறது. இறக்கத்தில் பிறந்தவர்கள் அதைத் தங்கள் கால்பலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்று என் பட்ட ஆய்வேட்டில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். வேறு ஆட்களைப் பற்றி. நாக்குத் தள்ள மிதித்தேன். ஹைக்கே பக்கத்திலேயே கியரை மாற்றிக்கொண்டு பறவைகளைப் பற்றிப் பேசியபடி வந்தாள்.

பாறை வெட்டுக்குள் திரும்பினால், பாதையை அடைத்துக்கொண்டு காளைக்கன்றுகள். மோஸியுடையவை. என்னைப் பார்த்தன. நான் அவற்றைப் பார்த்தேன். கிராமத்துப் பெண்தான், ஆனால் கவுன்சில் கட்டிக்கொடுத்த வாடகைக் குடியிருப்பில் வளர்ந்தவள். மாட்டை பாக்கெட்டில் பார்த்ததுதான் அதிகம். கைதட்டினேன். ஆர்வமாக இன்னும் கிட்டே வந்தன. கடைசியில் டெட்லெஃப் மழைக்கோட்டைக் கழற்றி இரண்டு கையிலும் விரித்துக்கொண்டு நடந்தார். கன்றுகள் யோசித்தன, திரும்பின. அவற்றின் பின்னால் மூன்று பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தோம்.

கேட்டருகே குழு நின்றிருந்தது. கன்றுகள் உள்ளே போனதும் மோஸி சாத்திய சாத்தலில் கேட் அதிர்ந்தது.

"பரவாயில்லையே பொண்ணு, மாட்டை ஒழுங்கா ஓட்டிட்டு வந்துட்டியே!" என்றார் ஃபின்டன். தாளில் உற்சாகமாக எழுதினார். தலைகீழாகப் படித்தேன்: நெருக்கடியில் நிதானம்.

மோஸி மஞ்சள் கோட்டுகளின் பக்கம் திரும்பினார். "நாங்க டீ குடிக்கிறப்போ தாண்டிப் போனது நீங்க ரெண்டு பேருதானே? பலகை தெரியல? உங்க ஊர்ல கேட்டே கிடையாதா?"

"திறந்துதான் இருந்தது... இருக்கிற மாதிரியே விடணும்னு நினைச்சோம்," என்றாள் ஹைக்கே. "கடைசியா வந்தது நாங்கதான். மன்னிச்சிடுங்க."

பலகையின்படி பார்த்தால் அவள் சொன்னது சரிதான். கடைசியில் வந்தது அவர்கள். நான் முதலில் வந்தவள். சட்டம் என் பக்கம். ஒரு நிமிஷம் நன்றாகவே வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் மூடியது அதுதான் முதல் தடவை.

"இந்த டூரிஸ்டுகளுக்காக என் நிலத்தைக் கொடுத்தேன் பாரு!"

"ரொம்ப மன்னிச்சிடுங்க," என்றாள் ஹைக்கே மறுபடி. மூன்றாவது தடவையும் சொன்னாள். தான் செய்யாததற்கு, குரலைத் தாழ்த்தி, எதிராளி கத்தி முடிக்கும்வரை இடைவெளி விட்டு. அந்தக் குரலைப் பதினான்கு மாதம் நான் என் காதிலேயே கேட்டிருக்கிறேன்.

"கேட்டைத் திறந்து போட்டது நான்," என்றேன். அதோடு நிறுத்தினேனா? ஃபிலோவின் விதி, என் குறிப்புகள், நிலப்பிரபுக்கள், இறக்கம் என்று ஐந்து நிமிஷம் பேசினேன்.

"தப்பை ஒத்துக்கிறதுக்கும் லெக்சரா?" என்றார் ஃபிலோ. "எனக்கு கால் வலிக்குதுடி."

ஃபின்டன் எழுதிய வரியை நிதானமாக அடித்தார். மோஸி என்னையே பார்த்தார்.

"அனுமதியை இன்னிக்கே ரத்து பண்ணிடுவேன். பண்ணிட்டா என் எலெக்ட்ரிக் வண்டியை எங்க ஓட்டுறதுன்னுதான் யோசிக்கிறேன்." பிறகு ஜெர்மானியர்களிடம் போய், மிச்சமிருந்த கேக்கை டப்பாவோடு நீட்டினார். அவர் மன்னிப்புக் கேட்கும் முறை அதுதான் போலிருக்கிறது.

"அப்ப வேலை போச்சா?" என்று ஃபின்டனிடம் கேட்டேன்.

"போயிருக்கும். இன்னொருத்தர் விண்ணப்பம் போட்டிருந்தா கண்டிப்பா போயிருக்கும்."

"புரியலைங்க."

"விண்ணப்பம் போட்டது நீ ஒருத்திதாம்மா. ரெண்டு தடவை விளம்பரம் கொடுத்தோம். ஒண்ணாம் தேதி வந்துடு. அந்தப் பதினாலு பக்கத்தைக் கொண்டு வராத."

ஆறு வாரமாக, பார்க்காத எதிரிகளை மனசுக்குள் ஒவ்வொருவராகத் தோற்கடித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் தனியார் பள்ளியில் படித்தவர்கள், நல்ல பல் வரிசை உள்ளவர்கள். ஒருத்தரும் வரவில்லை.

மறுபடி கிளம்பினோம். ஃபிலோ முன்னால், நான் பின்னால். பாலத்தருகே அம்மாவின் போன் வந்தது. பின்னணியில் சலவை இயந்திரங்கள் ஓடுகிற சத்தம்.

"என்னடி ஆச்சு?"

"கிடைச்சிடுச்சும்மா."

"எனக்குத் தெரியும்! எத்தனை பேருடி போட்டிக்கு?"

நேர்மையாக இருந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு நாளைக்கு அது போதும் என்று தோன்றியது.

"நாற்பது பேரும்மா," என்றேன்.

"நாற்பது பேராம்!" என்று அவள் சலவை அறைக்குள் கத்துவது கேட்டது.