கப்பலிடம் கேட்ட மன்னிப்பு

சுரபாயா துறைமுகத்தில் டச்சுக்காரர்களின் கண்ணிவெடிக் கப்பலை மூழ்கடித்தவன் லெகிமான். ஜப்பான்காரன் கரையேறிவிட்டான் என்று தெரிந்ததும், கடல்நீர் உள்ளே புகும்படி அடித்தட்டுக் குழாய்களைத் திறந்துவிடச் சொல்லிவிட்டு டச்சுக் கேப்டன் கம்பி நீட்டினார். லெகிமான் திறந்துவிட்டான். கொதிகலனுக்குக் கரி அள்ளுகிறவனுக்கு அதற்குமேல் என்ன அரசியல்?

ஏழு மாதம் கழித்து ஜப்பான்காரர்கள் கப்பலைத் தூக்கிச் சேற்றைக் கழுவி, ரோந்துக்கென்று பீரங்கி பொருத்தி, பழைய ஆட்களையே வேலைக்கு வைத்தார்கள். டச்சு இளவரசியின் பெயரைச் சுரண்டிவிட்டு 'முப்பத்தேழு' என்று எழுதினார்கள். மூழ்கடித்தவன் சிக்கினால் தலை போகும் என்று அறிவித்தார்கள். லெகிமானும் எல்லோரோடும் சேர்ந்து அந்தப் படுபாவியைத் திட்டினான்.

முதல் வாரமே நீராவிக் குழாய் வெடித்தது. அடுத்த வாரம் நங்கூரச் சங்கிலி அறுந்தது. ஜாவாக்காரர்களுக்குக் காரணம் புரிந்துவிட்டது. குழந்தைக்குப் பெயர் மாற்றினாலே சிவப்புக் கஞ்சியும் வெள்ளைக் கஞ்சியும் வைத்துத் தொழ வேண்டும். இவ்வளவு பெரிய கப்பலுக்கு ஒன்றுமே செய்யவில்லை. கப்பலின் சமையல்காரன் சாரிப், கப்பலுக்குப் பொறுப்பான ஜப்பான் லெப்டினன்ட் ஹமானோவிடம் போய்க் கேட்டான். எப்படியாவது கப்பல் ஓடினால் போதும் என்றிருந்த ஹமானோ அரிசியும் பனைவெல்லமும் கொடுத்தார்.

தொழுகைக்கு முன், கப்பலுக்குத் தீங்கு செய்தவன் அதனிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். அது லெகிமான்தான் என்று தெரிந்த ஒரே ஆள் சாரிப்.

"நீ வாயத் தொறக்கலேன்னா இது மறுபடியும் முழுகும். நாங்க எல்லாரும் உள்ள இருப்போம்," என்றான்.

"தொறந்தா நான் மட்டும் சாவேன், அண்ணே."

"அதத்தான் நானும் சொல்றேன்."

லெகிமானுக்கு அழுகை வந்தது. பதினோரு வருஷம் சோறு போட்ட கப்பல் அது. கடைசியில் ஒரு வழி கண்டான். ஹமானோவின் மொழிபெயர்ப்பாளர் ஒகாபே துறைமுகத்தில் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஜப்பான்காரர், சந்தையில் பேசும் ஜாவா மொழிதான் பேசுவார். பெரியவர்களிடம் பேசும் அரண்மனை ஜாவாவில் சொன்னால் அவருக்கு எங்கே புரியப்போகிறது?

துறைமுக மேடையில் கப்பலைப் பார்த்தபடி, கஞ்சிக் கிண்ணங்களுக்கு முன் கைகூப்பி நின்றான். "தாயே, தங்கள் திருவயிற்றில் நீரைப் புகுத்தியவன் அடியேன்தான். மன்னித்தருள வேண்டும்."

எல்லோரும் ஆமின் சொன்னார்கள். அரண்மனை ஊரில் பெண் எடுத்து, மாமனாரிடம் பதினான்கு வருஷம் இதே மொழியில் திட்டு வாங்கிய ஒகாபே, பக்கத்தில் நின்ற ஹமானோவுக்கு ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

ஹமானோ கஞ்சிக் கிண்ணங்களைத் தாண்டி லெகிமான் முன்னால் வந்து நின்றார். பிறகு ஒகாபே மூலம் கேட்டார்: "முழுக எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பதினெட்டு நிமிஷம், ஐயா."

"ஆளுங்க?"

"எல்லாரும் எறங்கிட்டாங்க. நான்தான் கடைசி."

ஹமானோ தலையாட்டினார். "அமெரிக்காக்காரன் வந்தா கப்பல் அவன் கைக்குப் போகக் கூடாதுன்னு உத்தரவு. அந்தக் குழாயெல்லாம் எங்க இருக்குன்னு எங்காளுங்களுக்குத் தெரியல. இனிமே அது உன் வேலை. தலைய அப்புறம் பாத்துக்கலாம்."

லெகிமான் குனிந்து வணங்கினான். இப்போதைக்கு உயிர் தப்பியது. சாரிப் கஞ்சியைக் கையில் கொடுத்தான். கப்பலின் பக்கம் முகத்தைத் திருப்பாமல் சாப்பிடப் பார்த்தான். தாயிடம் மன்னிப்புக் கேட்ட கையோடு, அவளை மறுபடியும் மூழ்கடிக்கும் வேலையை வாங்கியிருந்தான்.