பதினோராவது கூரை

சலவைக்கடைக்காரன் கூரையில் சோலார் பேனல் போட்டபோது, அந்தத் தெருவில் ஏற்கெனவே பத்து வீடுகள் போட்டிருந்தன. போடச் சொல்லி அவனை ஒரு வருடமாக அரித்தெடுத்தவள் அவன் அக்கா. மின்விநியோக அலுவலகத்தில் பொறியாளர்.

"கேஸ் பாய்லரத் தூக்கிப் போட்டுட்டு கரண்ட் பாய்லர் வைடா. மத்தியானத்துல ஓட்டு. உன் கூரையில வர்றதும் தீரும், பக்கத்து வீடுங்க மிச்சமும் தீரும்."

அவள் சும்மா சொல்லவில்லை. பத்து வீட்டுக்காரர்களும் காலையில் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள். உச்சி வெயிலில் அவர்களுடைய பேனல்கள் தரும் மின்சாரத்தைச் செலவழிக்கத் தெருவில் ஆளில்லை. அது கம்பிக்குள் திரும்பி ஓடி மின்னழுத்தத்தை ஏற்றியது. தெருக்கோடி வீட்டில் ஃபிரிட்ஜ் புகைந்தது. ஒரு வாரம் மீட்டரோடு கம்பத்தடியில் நின்று அளந்து, அவள் இரண்டு பக்க அறிக்கை எழுதினாள். முதல் பக்கத்தில், இப்படியே போனால் டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற வேண்டிவரும் என்பது. இரண்டாவதில், பகலில் நிறைய மின்சாரம் இழுக்கும் கடைகளைச் சேர்த்துக்கொண்டால் அந்தச் செலவே வராது என்பது.

மேலாளர் இரண்டாம் பக்கத்தை உருவித் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க அளந்தத மட்டும் குடுங்க. என்ன செய்யணும்னு மேல பாத்துக்குவாங்க."

முதல் பக்கத்தில் பொய் ஒன்றும் இல்லை. அப்படித்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். இடமாற்றப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த மாதம் அது.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. இனி அந்தத் தெருவில் பேனலுக்கு இணைப்புக் கேட்பவர், புது டிரான்ஸ்ஃபார்மரின் முழுச் செலவையும் ஏற்க வேண்டும். முதல் பத்துப் பேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பேனலைப் போட்டுவிட்டு இணைப்புக்குக் காத்திருந்த தம்பி ஈரக் கையோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டான். அவனுக்கு வந்த உத்தரவுக் கடிதத்தோடு அவளுடைய முதல் பக்கத்தையும் இணைத்து அனுப்பியிருந்தார்கள்.

"இது உன் கையெழுத்துதானே அக்கா?"

"ஆமா."

"பத்துப் பேர் பண்ணினதுக்கு நான் ஒருத்தன் அழணுமா? பேனல் போடுன்னு சொன்னதும் நீ, இத எழுதினதும் நீ."

"இன்னொரு பக்கம் இருந்துச்சுடா. அத அவங்க எடுத்துட்டாங்க."

மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நின்றபடியே படித்தான். தன் கடைப் பெயர் இருந்த கடைசி வரியைக் கட்டைவிரலால் ஒற்றிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தான்.

"இது உள்ள கெடந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?"

அவன் போனதும் அதை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குள் நுழைந்தாள். அவர் கடைசி வரியில் இருந்த கடைப் பெயரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"இந்தச் சலவைக்கடை உங்க தம்பியோடதாமே?"

"ஆமா சார். ஆனா இது அவனுக்காக எழுதினதில்ல. தேதியப் பாருங்க."

"தேதி இருக்கட்டும்மா. இத்தன நாள் வாயத் திறக்காம இருந்துட்டு, தம்பி தலையில விழுந்ததும் தூக்கிட்டு வர்றீங்க. வெளிய தெரிஞ்சா என்ன பேசுவாங்க?"

அவர் சொன்னதில் பாதி அநியாயம். மற்ற பாதி உண்மை. தாளை நான்காக மடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இணைப்பு இல்லாத பேனல்கள் இரண்டு மாதம் வெயிலில் சும்மா காய்ந்தன. பிறகு தம்பி அவற்றைப் பாதி விலைக்கு ஒரு பங்களாக்காரருக்கு விற்றான். வேறு பகுதியில், பகலெல்லாம் பூட்டியே கிடக்கும் பங்களா. ஆனால் அந்தப் பகுதி டிரான்ஸ்ஃபார்மரில் இடம் இருந்தது. இணைப்பு விண்ணப்பம் அவள் மேசைக்குத்தான் வந்தது. மறுக்க விதி இல்லை. ஒப்புதல் கொடுத்தாள்.

தெருவில் மின்னழுத்தம் குறைந்தபாடில்லை. இன்னொரு வீட்டிலும் ஃபிரிட்ஜ் புகைந்ததும் அலுவலகமே புது டிரான்ஸ்ஃபார்மர் வைத்தது. செலவை ஊர் முழுக்க எல்லார் மின்கட்டணத்திலும் ஏற்றினார்கள். சொந்தக் கூரையே இல்லாத வாடகைக்காரர்களும் கட்டினார்கள். தம்பியும் கட்டினான்.

உத்தரவு நீங்கிய அன்று காலையிலேயே அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"இனிமே இணைப்பு தருவாங்கடா. இப்ப போடலாம்."

"எத?" என்றான்.

பின்னால் கேஸ் பாய்லர் இரையும் சத்தம் கேட்டது. வாடிக்கையாளர் வந்திருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.