உலக்கையில் சிக்கிய கேமரா

குமாசி நகரத்தில் மாமே அஜேவா வீட்டுப் பின்கட்டுத் தூணில் ஒரு கேமரா உண்டு. ஹாம்பர்க்கில் வேலை பார்க்கும் மகன் ப்ரெம்பே போன தடவை வந்தபோது தன் கையாலேயே மாட்டிவிட்டுப் போனது. எது அசைந்தாலும் சின்னச் சின்ன வீடியோத் துண்டாகப் பதிந்து, வீட்டு வைஃபை வழியாக அவனுக்கு அனுப்பும். வேலை விட்டு வந்ததும் அவன் ஒவ்வொன்றாகப் பார்ப்பான். மாட்டிய நாளிலிருந்து இந்த மூன்று வாரமாகப் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரைக்கும் ஒரு துண்டுகூடப் போய்ச் சேரவில்லை.

பழி காவல்கார அகோல்கோ தலையில் விழுந்தது.

"அவன்தாம்மா ஒயரைப் பிடுங்கிப் போட்டுட்டுத் தூங்குறான்," என்றான் ப்ரெம்பே போனில். "இன்னைக்கு ரிப்பேர் ஆள் வர்றார். ஆறு மணிக்குக் கூப்பிடுவேன். காரணம் தெரியலைன்னா நாளைக்கே வேற ஆளு."

அகோல்கோவுக்குச் சொத்து என்று இருந்தது கேட்டோரத்து அறையும் ஐந்து கினிக்கோழியும்தான். பதினோரு வருஷம் சிமென்ட் மூட்டை சுமந்த முதுகு, இந்தக் கேட்டு நாற்காலியில்தான் முதல்முதலாகச் சாய்ந்தது. அதையும் பிடுங்கினால் மறுபடி மூட்டைதான்.

அவன் தூங்கவில்லை. மூன்று மணிக்கு அவன் எங்கே இருப்பான் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். பின்கட்டில் உலக்கையும் கையுமாக நிற்பான். மாமே அஜேவா உரலருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வோர் இடிக்கும் நடுவே விரலை விட்டு மாவைப் புரட்டுவாள். வெந்த மரவள்ளியும் வாழைக்காயும் பசையாகி ஃபூஃபூ உருண்டையாகும். ஆளுக்கொன்று, ஆட்டுக்கறி சூப்போடு.

மாமேவுக்குச் சர்க்கரை. டாக்டர் ஃபூஃபூவைத் தொடவே கூடாது என்றுவிட்டார். மகன் மாதாமாதம் ஓட்ஸ் டப்பா அனுப்புகிறான். அந்த ஓட்ஸைத் தின்றுதான் அகோல்கோவின் கினிக்கோழிகள் நடக்க முடியாமல் கொழுத்துக் கிடந்தன.

இரண்டு மணிக்கு ரிப்பேர்காரன் பாயோர் பையோடு வந்தான். அகோல்கோவைக் கண்டதும் வாசலிலேயே நின்றான்.

"ஐயோ, ஃப்ராஃப்ராக்காரனா காவல்? அப்ப கேமரா எதுக்கு? திருடனை உள்ளேயே வச்சிருக்கீங்களே!"

"வாடா தகாபா! நாய்த்தலை ஏதாச்சும் மிச்சம் இருக்கும்னு மோப்பம் பிடிச்சு வந்தியா?"

"நாய்த்தலை உன் பாட்டன் என் பாட்டன்கிட்ட ஏமாத்தி வாங்குனது. இன்னும் திருப்பித் தரலை."

அகோல்கோவுக்கு அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. ஃப்ராஃப்ரா, தகாபா என்ற இந்த இரண்டு இனத்துக்கும் மாமன் மச்சான் கேலி மாதிரி ஒரு முறை உண்டு; கறிக்கு அறுத்த நாயின் தலை யாருக்கு என்பது அதில் பாட்டன் காலத்து வழக்கு. கண்ட இடத்தில் வைய வேண்டும், கையில் கிடைத்ததைப் பறிக்கவும் செய்யலாம். கோபித்துக்கொண்டவன் தோற்றவன்.

"உங்க சண்டையை அப்புறம் வச்சுக்கங்க. முதல்ல அதைப் பாருங்க," என்றாள் மாமே.

பாயோர் வைஃபை பெட்டியைப் பார்த்தான், விளக்கு எரிந்தது. ஒயரை இழுத்துப் பார்த்தான், இறுக்கமாகத்தான் இருந்தது. அகோல்கோ அவன் பின்னாலேயே நடந்தான். ஒன்றும் கெடவில்லை என்றால் கெட்டவன் அவன்தானே?

கடைசியில் கேமராவுக்குள்ளிருந்த மெமரி கார்டைக் கழற்றித் தன் மடிக்கணினியில் போட்டான் பாயோர். முதல் துண்டில் உலக்கை மேலே போனது. இரண்டாவதில் கீழே வந்தது. மூன்றாவதில் மாமேயின் விரல் மாவுக்குள். அப்படியே நேற்று மட்டும் நானூற்றுச் சொச்சம். ஒன்றில் மாமே உருண்டையைக் கிள்ளிச் சூப்பில் முக்கிக் கண்ணை மூடி விழுங்கிக்கொண்டிருந்தாள்.

மாமே முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அது சுவரைத்தானே பார்த்துட்டு இருக்கு!"

"மூக்குதான் சுவரைப் பார்க்குது மாமே. கண்ணு உரல் வரைக்கும் போகுது." பாயோர் திரையைத் தட்டினான். "ஒவ்வொரு இடியும் அதுக்கு ஒரு திருடன். உடனே ஒரு துண்டு. ட்ரோட்ரோ மினிபஸ் வாசல்ல நானூறு பேர் ஒண்ணா ஏறப் பார்த்தா யாரு உள்ள போவா? ஒண்ணு ஏறி முடியறதுக்குள்ள அடுத்தது வந்து முட்டுது. கேமரா மூணு தரம் அனுப்பிப் பார்த்துட்டு எல்லாத்தையும் விட்டுடுது. அஞ்சு மணிக்கு மேலதான் அதுக்கு மூச்சு வருது."

காரணம் கிடைத்துவிட்டது. ப்ரெம்பேயிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை தப்பும். மாமேயின் உருண்டை போகும். கூடவே அவன் உருண்டையும். உரலுக்குள் தலையை விட்டாயிற்று, இனி உலக்கைக்கு அஞ்சி என்ன செய்ய என்று அகோல்கோ நின்றான்.

"நீ சொல்லிடு அகோல்கோ," என்றாள் மாமே, முகத்தைத் திருப்பிக்கொண்டு. "என் வாய்க்காக உன் சோறு போக வேண்டாம்."

"ஓட்ஸை நீங்க தின்னா என் கோழி என்ன தின்னும் மாமே?"

பாயோர் தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு ஃப்ராஃப்ராவை நான் காப்பாத்துனேன்னு தெரிஞ்சா என் பாட்டன் குழியிலருந்து எந்திருச்சு வருவாரு." ஆனாலும் திரையில் உரல் இருந்த இடத்தைச் சுற்றி விரலால் ஒரு கட்டம் போட்டான். "இந்தக் கட்டத்துக்குள்ள எது ஆடினாலும் இனி இது கண்டுக்காது. பிள்ளைகிட்ட வாழையிலை ஆடுச்சுன்னு சொல்லிக்கலாம். வாழைக்காயும் வாழையிலதானே காய்க்குது? எங்க, இடிங்க பார்ப்போம். சோதிச்சுப் பார்க்காம நான் போகமாட்டேன்."

சோதனைக்காக அன்று மூன்று உருண்டை ஆயிற்று. இடித்து முடிக்கிற வரை கேமரா உரலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கட்டத்துக்கு வெளியே மேய்ந்த கோழிகளை மட்டும் அழகாகப் பதிந்து அனுப்பியது. பாயோர் சூப்புக் கிண்ணத்தை நக்காத குறையாக வழித்துவிட்டுக் கிளம்பினான்.

ஆறு மணிக்கு ப்ரெம்பே கூப்பிட்டான். மாமே வாழையிலைக் கதையைச் சொல்லி முடித்தாள்.

"சரிம்மா. இன்னைக்குப் பதிவெல்லாம் வந்துடுச்சு. அகோல்கோ மேல தப்பில்லை. ஆனா அந்த ரிப்பேர்காரன் திருடன்! ஒரு கினிக்கோழியைச் சட்டைக்குள்ள விட்டுட்டு, கேமராவைப் பார்த்துக் கும்பிடு வேற போட்டுட்டுப் போறான்!"

அகோல்கோ போனருகே குனிந்தான். "அவன் தகாபா ஐயா. எடுக்காமப் போயிருந்தாதான் எனக்கு அவமானம். அடுத்த வாரம் அவன் வீட்டு ஆட்டைப் பார்த்துட்டு வர்றேன்."

ப்ரெம்பே சிரித்தான். அகோல்கோவின் முதுகு அப்போதுதான் இளகியது.

"இன்னொண்ணும்மா. கோழி மேயுற ஒவ்வொரு பதிவுலயும் தும், தும்னு ஒரு சத்தம் கேட்குதே, அது என்னது?"

பாயோர் கண்ணைத்தான் கட்டியிருந்தான். காதை மறந்துவிட்டான்.

"பக்கத்து வீடு," என்றாள் மாமே, இமைக்காமல்.

ப்ரெம்பே குரலைத் தணித்தான். "அந்தப் பக்கத்து வீட்டம்மாகிட்டச் சொல்லு. அவங்களுக்கும் சர்க்கரை இருக்கும். வாரத்துக்கு ரெண்டு நாள் போதும், சின்ன உருண்டையா. அகோல்கோவையே பார்த்துக்கச் சொல்லு. டிசம்பர்ல வர்றப்போ எனக்கும் ஒண்ணு சொல்லி வைக்கட்டும்."

போன் அணைந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்த ரெண்டு நாள் மாமே?"

"அதை எங்க சொன்னான்?" மாமே உரலைத் துணியால் மூடினாள். "ஞாயித்துக்கிழமை உருண்டை மட்டும் அந்த ரெண்டு கணக்குல சேராது. அது கர்த்தர் நாள்."