தானாக அணையும் ஃபயர்வால்

...இன்றைக்கும் அதே சிவப்புக் குறிதான், கம்ப்யூட்டருக்குக் காவலான ஃபயர்வால் அணைந்திருக்கிறதாம், நேற்றுச் சாயங்காலம் போட்டுவிட்டுத்தானே கிள்ளான் ரயிலைப் பிடித்தேன், சரி, மறுபடி போடு புஷ்பவல்லி, போட்டாயிற்று, கம்ப்யூட்டரை அணைத்துத் திற... பார், வந்துவிட்டது அதே சிவப்பு, ஐந்தாவது தடவை, இந்த வாரம்தான் இதைக் கவனிக்கவே ஆரம்பித்தேன், என்மேல் இதற்கு என்னதான் கோபம்? பதினெட்டு வருஷமாக இந்தப் பிரிக்பீல்ட்ஸ் மாடியறையில் கல்யாணத் தகவல் நிலையம் நடத்துகிறேன், உள்ளே முந்நூறு பெண்களின் போட்டோ, ஐ.சி. அடையாள அட்டை நகல், போன் நம்பர்... "ஜாதகம் பொருந்தினாத்தான் எம்பொண்ணு படத்தக் காட்டணும் அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன அம்மாக்கள் எத்தனை பேர், எவனோ எங்கேயோ உட்கார்ந்தபடி அள்ளிக்கொண்டு போனால் எந்த முகத்தோடு பதில் சொல்வேன்?

போனில் யுகேந்திரன், செலாயாங்கில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர், "பதறாதீங்க லா ஆன்டி, ஆன் பண்ணதும் தானா ஓடுற புரோகிராம் லிஸ்ட் இருக்கும், தெரியாத பேரு எதுன்னு பாருங்க" என்கிறார், எனக்கு எல்லாமே தெரியாத பேர்தானப்பா... பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் படிக்கிறேன், வீட்டுக்குப் போனால் அவர் கேட்பார், "இன்னைக்கும் பிஸ்கட்தானா வல்லி?", முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறாரே மனிதர் என்று நானும்... இதென்ன, 'ரூமா'? மலாயில் வீடு, வீட்டுக்கு இங்கே என்ன வேலை? திறந்து உள்ளே இருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினேன். "இதான் ஆன்டி திருடன்! ஃபயர்வால அணைச்சிட்டு உங்க ஆபீஸ் கேமராவ வெளிய இருந்து பாக்க விடுது. யாரு போட்டது?"

அதைப் போட்ட தேதியைப் பார்த்தேன். பக்கவாதத்தில் கால் இழுத்துக்கொண்ட பிறகு என் வீட்டுக்காரர் கமலநாதன் ஒரே ஒருநாள் இந்த மாடி ஏறினார், திருட்டுப் பயம், கேமரா மாட்டியே ஆகணும் என்று, டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷம் இருந்தவர், அவருக்குத் தெரியாத ஒயரா... அதே நாள்.

"அழிச்சிடுங்க, அவ்வளவுதான்" என்கிறார் யுகேந்திரன். அழிக்கத்தான் வேண்டும், முந்நூறு பெண்கள், ஆனால் கேட்காமல் கொள்ளாமல் இத்தனை மாதமாக என்னை... காவலா, சந்தேகமா, இல்லை பகலெல்லாம் தனியாகக் கிடக்கிறவருக்குப் பார்க்க வேறு ஒன்றும் இல்லையா? எரிச்சலோடு மவுஸைப் பிடித்த கை அப்படியே நிற்கிறது. அலமாரிக்கு மேலே கேமராவின் சின்னப் பச்சை விளக்கு. நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஏனோ முந்தானையைச் சரிசெய்துகொண்டேன், பிறகுதான் அழித்தேன்.

இனி என்ன சாப்பிட்டேன் என்று நானாகத்தான் சொல்லவேண்டும்... சொல்வேனா?