ஆடி மாதத்துச் சேர்க்கை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது என் வேலைக்கே வேட்டு வைக்கும் என்று இந்த ஆடியில்தான் தெரிந்தது.

விராலிமலையில் எங்கள் கட்டுமானத் தொழில் பயிற்சி நிலையம் இருக்கிறது. டைல்ஸ் ஒட்டுவது, பிளம்பிங், இரண்டும் ஆறு மாதப் பயிற்சி. மதியச் சாப்பாடு உண்டு, முடித்த கையோடு வேலையும் உண்டு. ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்துச் சேர்ப்பது அடைக்கலமேரி ஆகிய என் பொறுப்பு. ஆகஸ்ட் ஐந்தாம் தேதிக்குள் இருபது பேராவது நேரில் வந்து இயந்திரத்தில் விரல் வைத்துப் பதிய வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் நிலையத்தை மூடிவிடுவோம் என்று சென்னை மேலாளர் அருண் சொல்லிவிட்டார்.

எனக்கு வேலை போவது கிடக்கட்டும். கத்தாரில் டைல்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த குணசேகரனை, "வாங்கண்ணே, பிள்ளைகளோட இருந்துக்கிட்டே சொல்லிக் குடுக்கலாம்" என்று ஆசை காட்டி வரவழைத்தவளே நான்தான். மூடினால் அந்த மனுஷன் மறுபடி விமானம் ஏற வேண்டும்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி வரை சேர்ந்தது நாலே நாலு பேர். நாலு பேரும் எங்கள் ஆவூர்ப் பையன்கள், மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பார்க்கிற முகங்கள். மற்ற ஊர்களில் நான் ஏறி இறங்காத வாசல் இல்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். "நல்ல தொழிலுங்க", "கண்டிப்பா சேத்து விடுறோங்க" என்று மோர் கொடுத்து அனுப்புவார்கள். மறுநாள் ஈ காக்கை எட்டிப்பார்க்காது. குணசேகரன் தினமும் காலையில் டைல்ஸ் பெட்டிகளைத் துடைத்து அடுக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை கேட்கமாட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று ஞாயிறு. பூசை முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மூக்காயி அக்கா வீட்டுக்குப் போனேன். விராலிமலைக்குப் பக்கத்து ஊர். இருபது வருஷம் சித்தாளாகச் செங்கல் சுமந்தவர். அவர் மகள் காவ்யா பன்னிரண்டாவது முடித்தவள், பிளம்பிங் படிக்கிறேன் என்று தானாகவே என்னிடம் வந்து கேட்டவள். அவளும் வராததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஏன்க்கா, விருப்பமில்லேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிரலாம்ல? எதுக்கு என்னைய இப்படி அலைய விடுறீங்க?" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

மூக்காயி அக்கா புளிச்சோற்றுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு ஆத்தா விருப்பமில்லேன்னா? ஆடியில போயி யாராச்சும் பிள்ளைய புதுத் தொழில்ல சேப்பாகளா? ஆவணி பொறக்கட்டும்னு இருக்கோம்."

"அதை வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

காவ்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "டீக்கடையில செம்மல் அண்ணனைக் கேட்டீங்களே ஒரு கேள்வி. அதுக்கப்புறம் யாருக்கா சொல்லுவா?"

எனக்குத் திக்கென்றது. ஆடி பிறந்த மறுநாள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் செம்மல் என்கிற பையன், "நல்ல நாள் பாத்து வாரேங்க" என்றான். "ஏன் தம்பி, ஒங்க வீட்டுக் கக்கூஸ் பைப்பு ஒடஞ்சா நல்ல நாள் பாத்துத்தான் அடைப்பியா?" என்று கேட்டேன். கடையே சிரித்தது. அந்தப் பெருமையில் கறம்பக்குடி வரைக்கும் போன இடமெல்லாம் அதையே சொல்லிச் சிரித்தேன். எங்கள் வீட்டில் ஆடி என்றால் துணிக்கடைத் தள்ளுபடி, அவ்வளவுதான். ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்று தெரியும். வேலை கற்றுக்கொள்ளக்கூட வரமாட்டார்கள் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. போதாக்குறைக்கு, கடைசித் தேதியைச் சொன்னால் கடைசி நாளில்தான் வருவார்கள் என்று அதையும் ஒருவரிடமும் சொல்லாமல் மறைத்திருந்தேன். என் புத்தியை எதனால் அடிப்பது?

ஆவணிக்குப் பதினைந்து நாள் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாம் தேதி விஷயம், குணசேகரன் விஷயம், எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அடி கூறுகெட்டவளே, இதுக்கா இப்படி உக்காந்துட்ட?" என்றார் மூக்காயி அக்கா. "நாளைக்குப் பதினெட்டாம் பெருக்குல்ல? நான் எதுக்குப் புளி கரைக்கிறேன்னு நெனச்ச? ஆடியில அந்த ஒரு நாளு எதையும் தொடலாம். தொட்டது துலங்கும். எல்லாரையும் வரச் சொல்லு."

அங்கேயே போனை எடுத்து, சேர்வதாகச் சொன்ன எல்லாருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"மேரி பேசுறேன். நல்ல நாளைக் கிண்டல் பண்ணுனது என் தப்புத்தான், மனசுல வச்சுக்காதீங்க. அஞ்சாந் தேதியோட சேர்க்கை முடியுது. நாளைக்குப் பெருக்கு. ஏழரையிலேருந்து ஒம்போது ராகு காலம். ஒம்போதுக்கு மேல வாங்க."

ராகு காலத்தைக் காவ்யாதான் காலண்டரில் பார்த்துச் சொன்னாள். என் அப்பா கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

திங்கட்கிழமை ஒன்பதே கால் ஆகியும் ஒருவரையும் காணோம். மாதாவே, மாதாவே என்று வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். ஒன்பதரைக்கு ஒரு மொபெட் வந்து நின்றது. நெற்றி நிறையத் திருநீறோடு செம்மல், பின்னால் அவன் அம்மா.

"என்னக்கா, பைப்பு எங்க ஒடஞ்சிருக்கு? நல்ல நாள் பாத்து வந்துட்டேன்."

"வாடா என் ராசா" என்றேன்.

அதற்குப் பிறகு ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் வந்துகொண்டே இருந்தார்கள். காவ்யா அம்மாவோடு வந்தாள். கறம்பக்குடியிலிருந்துகூட மூன்று பேர். ஆவூர்ப் பையன்கள் நாற்காலி தூக்கிப் போட்டார்கள். விரல் வைக்க வரிசை வாசல் வரை நின்றது. மதியம் பன்னிரண்டுக்கு எண்ணிக்கை இருபத்தாறு. அருணுக்குப் போன் செய்தேன். "நெஜமாவா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, அடுத்த திங்கள் முதல் வகுப்பைத் தொடங்கச் சொன்னார்.

குணசேகரன் ஓரமாகப் போய் மனைவிக்குப் போன் போட்டார். "போகலடி. இங்கதான் இருக்கேன்" என்றார். பிறகு டைல்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால் போய்த் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கும் உடைந்துவிட்டது. மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல், பொலபொலவென்று கண் வழியாக இறங்கிற்று.

மூக்காயி அக்கா எல்லாருக்கும் பெருக்குக்கு வெல்லம் போட்டுக் கலந்த காப்பரிசி கொடுத்துக்கொண்டு வந்தவர், என் எதிரே நின்று அதட்டினார்.

"என்ன ஆத்தா இது? நல்ல நாளும் அதுவுமா யாராச்சும் அழுவாகளா?"

சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.